அம்மணிக்கு வரன் பார்த்த ஜாதகக்காரர்

கோயமுத்தூரில் இருக்கிற கல்யாணத் தரகர்கள் எல்லோரும் சேர்ந்து இதுவரை புரட்டிய ஜாதகங்களை ஒரு தட்டிலும், எங்கள் தெரு ஜாதகக்காரர் ஒருவரே புரட்டியவற்றை இன்னொரு தட்டிலும் வைத்தால், இவர் தட்டு தரையைத் தொடும். ஒரே வித்தியாசம், இவர் பார்த்ததெல்லாம் நாய்களின் ஜாதகம்.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டு அவருடையது. தொழில், பம்புசெட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுவது. பட்டறையை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் மனிதர் முழுநேரமாக லேப்ரடார் பக்கம் வந்துவிட்டார். மற்றவர்கள் ஹாலில் கல்யாண போட்டோ மாட்டும் இடத்தில் இவர் வீட்டில் ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். பதிவு செய்த நாய்க்கு நாய் வளர்ப்போர் கிளப்பில் தருகிற வம்சாவளிப் பத்திரம் அது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா வரைக்கும் பெயர்கள் இருக்கும். பார்க்காமல் ஒப்பிப்பார். சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் மட்டும், "அதுங்களா, பெரியப்பாவைத்தான் கேக்கோணுமுங்க" என்பார்.

பத்திரத்துக்குச் சொந்தக்காரி ஒரு கறுப்பு லேப்ரடார். பதிவுப் பெயர் 'லேடி விக்டோரியா ஆஃப் நொய்யல் வேலி'. வீட்டில் அம்மணி. "அம்மணி, செத்த நகருங்க", "அம்மணி, செருப்பக் கடிக்கப்படாதுங்க" என்று அந்த வீட்டில் எந்நேரமும் மரியாதை வழிந்துகொண்டிருக்கும். முப்பது வருடக் குடித்தனத்தில் தனக்கு இத்தனை 'ங்க' கிடைத்ததில்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டுக்கு நாங்கள் முதல்முறை போனபோது, காபி வருவதற்கு முன்பே ஒரு பெரிய கவரை எடுத்து வந்தார். மகள் கல்யாண ஆல்பம் என்று நினைத்து என் மனைவி ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வந்தது அம்மணியின் இடுப்பு எக்ஸ்ரே. அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "பாருங்க தம்பி, மூட்டு எப்புடி உக்காந்திருக்குது! ஆயிரத்துல ஒருத்திக்குத்தான் இப்புடி இடுப்பு அமையுமுங்க" என்றார். என் மனைவி சன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அம்மணிக்கு ஒரே ஒரு ஈத்துதான், அதாவது ஆயுசுக்கும் ஒரே பிரசவம் என்பது அவர் போட்ட சட்டம். அதுவும் இரண்டு வயதுக்கு முன்னால் கூடாது, ஐந்து வயதுக்குப் பின்னால் கூடாது. வருடத்துக்கு இரண்டு ஈத்து எடுத்து விற்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். அந்த ஒரே ஈத்துக்குத் தகுந்த வரன் தேடித்தான் மனிதர் மேற்கு மாவட்டங்கள் முழுக்கச் சுற்றினார்.

பொள்ளாச்சியில் ஒரு வரன் வந்தது. வாட்டசாட்டமான நாய், கண் பரிசோதனைச் சான்றிதழ்கூட இருந்தது. பத்திரத்தை விரித்துப் பார்த்தவர் உடனே மடித்துக் கொடுத்துவிட்டார். "மாமன் முறை வருதுங்க."

"நம்மூருல அதுக்கென்னங்கண்ணா, ரொம்ப விசேசமாச்சே!" என்றேன் நான்.

"நாமதான் மாமன் மகனக் கட்டுவோமுங்க. நாய்க்கு ஆகாதுங்க தம்பி. சொந்தத்துல போட்டா குட்டிக்கு நோவு வந்துருமுங்க."

ஈரோட்டு வரனுக்கு இடுப்பு சரியில்லை. திருப்பூர் வரனின் பத்திரத்தில் ஒரு தாத்தா இரண்டு இடத்தில் வந்தார். கடைசியில் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் ராசு என்று ஒரு கறுப்பு நாய் எல்லாப் பொருத்தத்தோடும் அகப்பட்டபோது, அம்மணிக்கு ஐந்து வயது ஆக இரண்டு மாதம்தான் பாக்கி. இந்தப் பருவத்தை விட்டால் அந்த வீட்டில் வம்சம் அதோடு சரி. அவர் நெற்றியில் விபூதி தினமும் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் குட்டி கேட்டு வருகிறவர்களுக்கு நேர்முகத் தேர்வு வேறு நடந்தது. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? மொட்டை மாடியில் கட்டிப் போடுவீர்களா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பெரிய காரில் வந்திறங்கிய ஒரு நகைக்கடை முதலாளி எல்லாக் கேள்வியையும் தாண்டி, "நம்ம கேட்டுக்கு அழகா இருக்குமுங்க" என்று ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டார்.

"அழகுக்குன்னா ரெண்டு குரோட்டன்ஸ் தொட்டி வைங்க. குலைக்காது, கடிக்காது" என்று வாசல்வரை வந்து கும்பிட்டு அனுப்பினார் ஜாதகக்காரர். முப்பது பேரைச் சலித்து ஏழு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்.

வெள்ளகோவிலில் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்த மறுநாளே வால்பாறையிலிருந்து போன். முன்பு இவர் வளர்த்த அம்மணியின் அம்மா போட்ட குட்டி ஒன்று அங்கே எஸ்டேட் டாக்டர் வீட்டில் வளர்கிறது. அதற்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். கொடுத்த குட்டி ஆயுசு முழுக்கத் தன் பொறுப்பு என்பது அவருடைய இன்னொரு சட்டம். அவர் மனைவி மகளின் பேறுகாலத்துக்காக பெங்களூரில், மகன் பட்டறை வேலையாக வெளியூரில். ஆக, வீட்டுச் சாவி என் கைக்கு வந்தது.

"தம்பி, பருவம் இன்னும் முடியலீங்க, நாலு நாளைக்கு அம்மணி அடங்க மாட்டாங்க. வாசக்கதவ மட்டும் தொறந்து போட்டறாதீங்க. நாளைக்கு மத்தியானம் வந்தர்றேனுங்க."

நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல. காலையில் அம்மணிக்குச் சோறு வைத்தேன், தண்ணீர் வைத்தேன், பேச்சுத் துணைக்கு உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு சிலிண்டர்காரர் வந்தார். கதவைத் திறந்தேன், கேட்டையும் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் முன்வாசலில் அம்மணி, கூடவே மணி.

மணி என்பது எங்கள் தெருமுனை பேக்கரி வாசலில் படுத்துக்கிடக்கும் கறுப்பு நாய். வர்க்கி சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. நான் கையை உயர்த்தி ஓடுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அந்த நிலையில் பிரிக்கக்கூடாது, பிரிக்கவும் முடியாது என்பது நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த இருபது நிமிடம் என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கொடியில் காய்ந்த பெட்ஷீட்டை எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னுங்க, பந்தலா?" என்று கேட்டுக்கொண்டே போனார் சிலிண்டர்காரர்.

மறுநாள் ஜாதகக்காரர் வந்து, "அம்மணி சமத்தா இருந்தாங்களா?" என்று கேட்டார். "ரொம்பச் சமத்துங்கண்ணா" என்றேன். ஒன்பது வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை. என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் அரைப்படி மாவு கொட்டிப்போனது. பிறகு, "போய் உண்மையச் சொல்லீருங்க" என்றாள். நான் சொல்லவில்லை. குட்டிகள் பிறக்கட்டும், ராசுவின் சாயலில் பிறந்தால் வாயைத் திறக்கவே வேண்டாமே என்று ஒரு நப்பாசை.

ஏழு குட்டிகள். ஏழும் கறுப்பு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா யாராக இருந்தாலும் கறுப்புதானே! மூன்று வாரத்துக் குட்டியைப் பார்த்து எந்த மகானாலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வாரம்தான் ஜாதகக்காரர் குட்டிகளைப் பதிவு செய்யும் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டி புதிது. "தம்பி, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமுங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

அம்மா பெயர் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். அடுத்த கட்டம் அப்பா பெயர். எதிரே அந்த மனிதர் சின்னப் பையனைப் போலக் கழுத்தை நீட்டிப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்க் கணக்கெல்லாம் ஆபீஸில் எழுதிப் பழகியவன்தான் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு எழுத வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு சிலிண்டரில் ஆரம்பித்துப் பெட்ஷீட் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "மணிக்கு வெறிநாய் ஊசி போட்டிருக்குதுங்களா?"

"தெரியலீங்கண்ணா."

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப இந்த ஈத்துக்குப் பதிவு இல்லீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ராசுவோட குட்டியாவும் இருக்கலாமுங்களே! ஆருக்கும் தெரியாதுங்கண்ணா!"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அம்மணிக்குத் தெரியும், மணிக்கும் தெரியும். இன்னும் எத்தன பேருக்குத் தம்பி தெரியோணும்?"

அன்று சாயந்திரமே ஏழு குடும்பங்களுக்கும் போன் போட்டார். "அம்மணிதான் அம்மாங்க. அப்பா வெள்ளகோவிலா பேக்கரியான்னு சொல்றதுக்கில்லீங்க" என்று ஏழு தடவை சொன்னார். ஆறு பேர் விலகிக்கொண்டார்கள். வெள்ளகோவில் தோட்டத்துக்காரருக்கும் அவரே சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு குட்டி கேட்டார். ஏழாவது வாரத்தில் சந்தேகமும் தீர்ந்தது. ஏழு வாலும் குடைக் கைப்பிடி கணக்காக மேலே வளைந்து நின்றன. லேப்ரடார் வால் இப்படி வளையாது, எல்லாம் மணியின் வால்.

"இன்னொரு ஈத்து எடுத்துப் பாக்கலாமுங்களே" என்று நான் மெல்ல இழுத்தேன்.

"ஒன்னுன்னா ஒன்னுதானுங்க. என்ற ஆசைக்கு அவிங்க ஒடம்ப வருத்தப்படாது" என்றார். சொன்னபடி அம்மணிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார். பேக்கரிக்குப் போய் மணியையும் பிடித்து வந்து, ஊசி போட்டு, அவனுக்கும் அதே ஆபரேஷனைச் செய்து, கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டிவிட்டார். வளைந்த வால் குட்டிகளுக்கும் அதே நேர்முகத் தேர்வுதான், ஒரு கேள்விகூடக் குறையவில்லை. ஒரு நோட்டில் ஏழு குட்டிகளுக்கும் பக்கம் போட்டு, 'தகப்பன்: மணி, பேக்கரி வாசல்' என்று தானே கோணல்மாணலாக எழுதி வைத்தார். என் கையெழுத்தைக் கேட்கவில்லை.

ஆறு குட்டிகள் போய்ச் சேர்ந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து காம்பவுண்டுச் சுவரை முழம் போட்டார். சமையலறையை எட்டிப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், "ஏனுங்கம்மணி, தம்பிய நம்பிக் குட்டியக் குடுக்கலாமுங்களா?" என்றார்.

"கதவச் சாத்துற விசயத்துல நம்பாதீங்க. மத்தபடி பரவால்லைங்க" என்றாள் அவள்.

"போச்சாது உடுங்க. நடந்தத வாயத் தொறந்து சொன்னாரு. அதுக்கு மேல என்னத்தப் பாக்குறது" என்று சொல்லி, கடைசிக் குட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவருடைய வம்சத்தையே கெடுத்தவன் நான். அவர் போனதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் வேலையாகக் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டேன்.

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் வருகிறார். குட்டியின் பல்லைப் பார்க்கிறார், இடுப்பை அமுக்கிப் பார்க்கிறார், என்னை 'ங்க' போட்டு நாலு திட்டு திட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார். வேலையாக வெளியூர் போய்விட்டால் வரமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பது நாய் மட்டுமில்லை.