அரையாண்டு லீவில் தீபம் எழுதிய ஏழு பக்கம்

சிவகாசி,
29-12-1962, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான ஞானபூரணி மதினி அவர்களுக்கு, உங்கள் தங்கை சுகிர்தத்தின் வீட்டுக்காரன் தேவாசீர்வாதம் எழுதிக்கொண்டது. நானும் பிள்ளை தீபமும் உடம்புக்குச் சுகமே. விருதுநகரில் உங்களுக்கும் அண்ணனுக்கும் அதே சுகத்தைக் கர்த்தர் குறைவில்லாமல் தருவாராக.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்குச் செய்தி வந்தது. ஏப்ரல் மாதம் மத்தியானம் இரண்டு முப்பத்தைந்துக்கு, சுகிர்தம் போய்விட்டாள் என்று சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்ததிலிருந்து, யார் எதைச் சொல்ல வந்தாலும் நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இந்தத் தடவை வந்தது தீபம். பள்ளிக்கூடப் பையோடு பிரஸ் வாசலில் நின்று, "அப்பா, அரைப்பரிச்ச லீவு விட்டாச்சு. டீச்சர் சீட்டு குடுத்துருக்காக" என்றாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் லீவில் என்ன படிக்க வேண்டும், வீட்டிலிருப்பவர்கள் எப்படி உதவ வேண்டும் என்று அரைத்தாளில் எழுதியிருந்தது. கையில் மையோடு அதை வாங்கிப் படித்தேன். காலண்டர் சீசனில் மூன்று மெஷின் ஒரே நேரத்தில் நின்றாலும் இப்படிப் பயந்ததில்லை.

'லீவு முழுக்க நீயே பிள்ளையப் பாரு. ஒன்னால முடியலன்னா என்கிட்ட விட்டுரு, நான் வளத்துக்கிடுதேன்' என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பரீட்சையின் ரிசல்ட்டைத்தான் இப்போது எழுதுகிறேன். மெட்ராசில் இரண்டு வருஷம் அச்சுத்தொழில் படித்தவனுக்கு ரெண்டாம் கிளாஸ் எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், மதினி. முதலாவது நாலாம் வாய்ப்பாடு. எனக்கு வேலை நேரத்தில்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால் மெஷின் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, சிலிண்டர் ஒரு சுற்று வரும்போது ஒரு வரி என்று சொல்லவைத்தேன். இரண்டே நாளில் மனப்பாடம். ஆனால் இப்போது மெஷின் சத்தம் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் வருவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் மனப்பாட வசனம் சொல்ல எழுப்பினார்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் "டடக், டக்" என்று சொல்லிக்கொண்டே சொன்னாள். பாதிரி ஐயர் ஆமென் சொல்வதற்கு முன்னால் அவரும் ஒரு டடக்குக்காகக் காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அடுத்தது மணி பார்க்கப் படிப்பது. முள் எப்படி நகருகிறது என்று தெரியாமல் மணியைப் பார்த்து என்ன பிரயோஜனம்? டைம்பீஸைப் பிரித்துக் காட்டினேன். திரும்பப் பூட்டியபோது ஒரு பல்சக்கரம் மிச்சமாக இருந்தது. மணி பார்க்க நன்றாகப் படித்துவிட்டாள். பார்க்கத்தான் வீட்டில் மணி இல்லை. சடை பின்னிவிட வருகிற பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் அக்கா, "ஏன் தம்பி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கீகளா, வீட்டச் சாமானு சாமானா கழட்டுதீகளா? அடுத்து என்னையக் கழட்டிப்பிடாதீக" என்றாள். தீபம் சிரித்தாள். நான் சிரிக்க வேண்டிய இடம் அது என்று புரிந்தது, ஆனால் நேரம் தாண்டிப்போயிருந்தது.

சீட்டில் இன்னொன்று இருந்தது: 'தினம் சிறிது நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசவும்.' உட்கார்ந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "சாப்பிட்டேன்பா" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சரக்கு இல்லை. அவள் தன் காலைப் பார்த்தாள், நானும் அவள் காலைப் பார்த்தேன். நகம் வெட்டிவிட்டேன். அதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று டீச்சரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது காப்பி நோட்டு. பக்கத்தின் தலைப்பில் பெரியவர் ஒரு வரி எழுதித்தர, பிள்ளை அதைப் பார்த்துப் பத்து வரி எழுத வேண்டும். லீவு ஆரம்பித்த அன்று காலையிலேயே பத்து நாளைக்கும் பத்து வரி, கல்மேஜையில் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். தினமும் அவள் எழுதி நீட்டுவாள், புரூஃபைப் பாஸ் பண்ணுகிற மாதிரி கீழே 'தே' என்று கையெழுத்துப் போடுவேன். ஏழு பக்கம் இப்படி ஓடியது. இன்று காலை, பிரஸில் என்னோடு கல்லில் எழுதுகிற லட்சுமிகாந்தம் காப்பி குடிக்க வந்தவர் நோட்டைப் புரட்டி, "கை கால் சுத்தமாக வைத்திரு" என்று கடகடவென்று வாசித்து, "ஏ தேவா, முத்து முத்தா எழுதிருக்காளேப்பா, இத அப்படியே கல்லுல ஏத்திரலாம் போலருக்கே" என்றார். சொன்னவர் வாயைத் திறந்தபடியே நின்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். லித்தோ கல்லில் எழுத்தை இடம் வலம் மாற்றி எழுதினால்தான் காகிதத்தில் நேராக விழும். அதுதான் என் சோறு. பழகிய கை, பிள்ளையின் நோட்டிலும் அத்தனை வரியையும் மாற்றியே எழுதியிருக்கிறது. அவளும் ஒரு சுழி பிசகாமல் எழுபது வரி மாற்றியே எழுதியிருக்கிறாள். லட்சுமிகாந்தம் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அதுதான் நேர் எழுத்து!

"எழுத்து இப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த கேக்கலையாம்மா?" என்றேன்.

"நீங்கதானப்பா எழுதிக் குடுத்தீக" என்றாள். பிறகு, "கேட்டா பதில் சொல்ல மாட்டீகன்னு விட்டுட்டேன்."

இதற்கு மேல் நான் வாதாட ஒன்றுமில்லை, மதினி. நீங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர். உங்கள் கையில் எழுத்து நேராக இருக்கும், வீட்டில் கடிகாரம் ஓடும், பேச்சும் இருக்கும். இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்து தீபத்தைக் கூட்டிப் போங்கள். அவள் துணிகளை மடித்து எடுத்து வைத்துவிட்டேன். அண்ணனுக்கு என் ஸ்தோத்திரம். புது வருஷம் உங்கள் வீட்டுக்கு நன்மையாகவே பிறக்கட்டும்.

இப்படிக்கு,
தேவாசீர்வாதம்

பின்குறிப்பு (30-12-1962, ஞாயிறு): வர வேண்டாம், மதினி.

எழுதியதில் என்ன தப்பு என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். காட்டுவதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும். சுகிர்தத்தின் கண்ணாடியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது. நேற்று சாயங்காலம் எடுத்தேன். நோட்டை எதிரே பிடித்ததும் எழுத்தெல்லாம் நேராகிவிட்டது. "அப்பா, வாசிக்க வருது! வாசிக்க வருது!" என்று குதித்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். பத்து வரிக்குக் கீழே பதினோராவதாக ஒரு வரியைப் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டுமாம்; அதையும் மேல்வரிகளைப் போல மாற்றியே எழுதியிருந்தாள். நான் சீட்டில் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் நாள்: 'மெஷினுக்கு எண்ணெய் விட்டாங்க.' மூன்றாம் நாள்: 'முத்துமாரி அத்தை சடையை இழுத்துட்டாங்க.' ஐந்தாம் நாள்: 'அப்பா இன்னைக்கும் பேசலை.' அதன் கீழே என் கையெழுத்து, 'தே'. ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "பெரியம்மா வீட்டுக்குப் போனா எனக்கு யாரும் சடை இழுக்க மாட்டாங்க. அப்பாவுக்கு யார் சோறு போடுவா." அதற்கும் 'தே'. சரி என்று நான்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடியில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. எட்டு மாசமாக என் முகத்தைச் சவரக் கண்ணாடியில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். "என்னம்மா பேசணும்?" என்று கேட்டேன். "எதுனாச்சும்" என்றாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதனால் கல்லில் தண்ணீர் பட்ட இடத்தில் மை ஏன் ஒட்டாது என்பதைச் சொன்னேன். "இது அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும், கல்யாணமான புதிதில் அவளிடம் இதைத்தான் பேசினேன், அவள் கொட்டாவி விட்டாள் என்றேன். "எனக்கும் கொட்டாவி வருதுப்பா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பின்பக்கம் அவள் உங்களுக்காக ஒரு கோழி வரைந்துவிட்டாள், அதனால் அப்படியே அனுப்புகிறேன். இது கிடைத்ததும் அய்யாதுரை மிளகாய் மண்டிக்கு ஓடி, அங்கிருந்து எங்கள் பிரஸுக்குப் போன் போடுவீர்கள் என்று தெரியும். உங்கள் குரலைக் கேட்டால் நான் "சரி மதினி" என்று சொல்லிவிடுவேன். காலண்டர் லோடு எல்லாம் போய்விட்டது, முதலாளி செவ்வாய்க்கிழமைதான் வருவார், ஆபீஸ் சாவி என்னிடம். ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்கவைத்துவிட்டேன்.