கள்ளிக்குக் குடை பிடித்தவர்

வெள்ளவத்தையில் மழையைத் தன் சொந்தப் பகையாளியாக நடத்தும் ஒரே மனிதர் எங்கள் கள்ளி அங்கிள்தான். கடற்பக்கம் சற்றே இருண்டாலும் போதும், நாலாம் மாடியிலிருந்து மொட்டைமாடிக்குக் குடையோடு பாய்வார். அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் கொடியில் காயும் உடுப்புகளை எடுக்கப் போவோம். வானிலை அறிக்கை பொய்த்ததுண்டு. அந்தச் செருப்பு பொய்த்ததில்லை.

அவ்வளவும் ஒரு கள்ளிக்காக. பானைபோல் உருண்டு, ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்பு மடிப்பாய் இருக்கும் பாலைவனக் கள்ளி.

“பிள்ளை, பைப்பிலை தண்ணி நிண்டால் நீங்கள் வாளி தேடுறியள். இது தானே வாளி,” என்பார் என்னிடம். “மழை கண்டால் மடிப்பு விரியும், காய்ஞ்சால் சுருங்கும். இலை வைச்சால் தண்ணி ஆவியாப் போயிடும் எண்டு முள்ளு வைச்சிருக்கு. பகலிலை மூச்சுக்கூட விடாது.”

“கதைக்குமோ அங்கிள்?”

“அதுக்குத்தானே நான் இருக்கிறன்.”

ஒருமுறை தங்கையைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். கள்ளியைத் தகரக் கூரைக்குக் கீழே நகர்த்திவிட்டு, கதவு கதவாகத் தட்டிச் சொன்னார்: “ஒருத்தரும் தண்ணி ஊத்தக்கூடாது, அழுகிடும்.” எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினோம்.

இடையில் நவராத்திரி முடிந்தது. கும்பத்து நீரைக் கால்படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். சீமெந்தில் எழும்பிய எங்கள் குடியிருப்பில் கால்படாத மண் அந்த ஒரே சட்டியில்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டாராக, மற்றவர் ஊற்றியது தெரியாமல், போய் ஊற்றினார்கள்.

அங்கிள் திரும்பியபோது கள்ளியின் அடி, கனிந்த பப்பாசிபோல் அமுங்கியது.

“ஆர் தண்ணி ஊத்தினது?”

“சத்தியமாத் தண்ணி ஊத்தேல்லை அங்கிள்,” என்றார் இரண்டாம் மாடியில் இருக்கும் பள்ளிக்கூட ரீச்சர். “கும்பத்துத் தீர்த்தம் மட்டுந்தான்.”

“நானும் அதுதான்,” என்றார் மூன்றாம் மாடிக்காரர், மெல்ல.

அங்கிள் அவர்களையும் பார்த்தார், கள்ளியையும் பார்த்தார். “பாலைவனத்துச் சீவன். ஒரே நாளிலை இத்தினை பேரின்ரை புண்ணியத்தைத் தாங்குமோ?”

பாண் வெட்டும் கத்தியால் அழுகிய அடியை அரிந்து நீக்கினார். மிஞ்சிய மேற்பாதியைப் பத்திரிகைத் தாளில், படிக்கட்டு யன்னலோரம் வைத்தார். வேரில்லை, மண்ணில்லை. “காயம் ஆறட்டும். உள்ளுக்குச் சேர்த்த தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கிடக்கும்,” என்றார்.

வாரங்கள் போயின. மடிப்புகள் ஒடுங்கின. அந்த யன்னலருகே குனிந்து பாராமல் எவரும் படியேறவில்லை. ஒரு காலை ரீச்சர் கூப்பிட்ட குரலுக்கு முழுக் குடியிருப்பும் கூடியது. அடியில், நூல்போல் ஒரு வெள்ளை வேர்.

கள்ளி மறுபடி மொட்டைமாடி ஏறியது. பக்கத்தில் அங்கிள் ஒரு துளசிச் சட்டியும் வைத்தார். “புண்ணியமெல்லாம் இனி இதுக்கு, ரீச்சர்.”

இப்போது அவருடைய முழங்கால் முன்போல் இல்லை. கடல் இருண்டால் பாதிப்படியிலேயே நின்றுவிடுகிறார். நாங்கள்தான் மேலே ஓடுகிறோம். உடுப்புகள் நனைந்தபடி கிடக்கும். முதலில் கள்ளியைத்தான் உள்ளே எடுக்கிறோம்.