பைய அண்ணாச்சி போட்ட ஆறு ஓட்டைகள்

ராஜபாளையத்தில் அவசரப்படத் தெரியாத ஒரே மனிதர் பைய அண்ணாச்சிதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். எதற்கெடுத்தாலும் "பைய தம்பி, பைய" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

அக்ரிலிக் பலகையில் ஓட்டை போடுவது அவருக்குப் பூஜை மாதிரி. மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிக்க விடமாட்டார். அடியில் மரக்கட்டை கொடுத்து இறுக்குவார். டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் இறக்குவார், எடுப்பார், தூளை ஊதுவார், மோந்து பார்ப்பார். கருகல் வாசம் லேசாக வந்தாலும் பலகையை ஆறவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஓட்டைக்கு ஒரு டீ.

ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் பிரமுகர் கத்தரிக்கோலோடு காத்து நிற்கிறார். பலகை இன்னும் மேலே ஏறவில்லை. முதலாளி கெஞ்சினார். அண்ணாச்சி நிமிரவே இல்லை.

"அவிய கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கிடலாம். இது வெடிச்சா என்ன பண்ணுவீய?"

அன்று நானும் சிரித்தவன்தான்.

பிறகு கொரோனா வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மனைவி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அப்போது ஏழு மாத கர்ப்பம். வருகிறவர்கள் எல்லாம் மாஸ்க்கை இறக்கிவிட்டு அவள் முகத்துக்கு நேராக இருமிக் காட்டி மருந்து கேட்டார்கள். எங்கெங்கோ அலைந்து மூன்று அக்ரிலிக் பலகைகள் வாங்கி வந்தேன், கவுன்டருக்கு மறைப்புக் கட்ட. முதல் பலகையில் டிரில்லை வைத்து அழுத்தினேன். மூலைக்கு மூலை வெடித்தது. இரண்டாவதில் பிளாஸ்டிக் உருகி டிரில் பிட்டைப் பிடித்துக்கொள்ள, பலகையே சுழன்று சுவரில் மோதி உடைந்தது. மிச்சம் ஒன்று. அதற்குள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள்; அதுவும் போனால் வாங்கக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

"இனிமே அந்த மிசினத் தொட்டீய, உங்கள உள்ள வச்சுக் கடையப் பூட்டிருவேன்" என்றாள் மனைவி.

அண்ணாச்சிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நீங்க தொடாதீய. வாரேன்" என்றார்.

டிரில்லும் மரக்கட்டையுமாக மொபெட்டில் வந்தவரை வழியில் போலீஸ்காரர் மறித்திருக்கிறார்.

"எங்க போறீய?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. மருந்துக்கடையில ஓட்டை போடணும்."

"எந்தச் சுவத்துல?"

என்னிடம் போனில் பேசி உறுதிசெய்துகொண்ட பிறகே அவரை விட்டார்.

ஆறு ஓட்டைக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. டீக்கடை மூடியிருந்ததால் மனைவி நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள். முகம் கோணாமல் ஆறு டம்ளர் குடித்தார். திருகாணியைவிட ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"வெயிலுக்கு இது விரியும் தம்பி. அதுக்கும் எடம் கொடுக்கணும்லா."

மறைப்பை மாட்டிவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் நின்று பலமாக இரண்டு முறை இருமிப் பார்த்தார். "தாயி, காத்து வருதா?"

"வரல அண்ணாச்சி" என்றாள். பல நாள் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

அவளும் நன்றாக இருந்தாள், மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். ஊரில் எல்லாக் கடைகளிலும் மறைப்பைக் கழற்றிவிட்டார்கள், நாங்கள் கழற்றவில்லை. ராஜபாளையத்தில் இல்லாத மருந்துக்கடையா? ஆனாலும் மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க அண்ணாச்சி எங்கள் கடைக்குத்தான் வருகிறார். கேட்டால், திருகாணி எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்தேன் என்பார்.

அவர் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலமே என் மனைவி ஒரு திருகாணியை அரைச் சுற்று தளர்த்தி வைத்துவிடுகிறாள்.