கடுகண்ணாவைக் கெப்டன்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருபத்தெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மலைநாட்டுக் கடுகண்ணாவையில் டைல் கடை வைத்திருக்கும் ஷாமில் பெண் பார்ப்பதற்காகப் பேருவளைக்குப் போனான். பெண்ணின் பெயர் பஸ்னா. அவளுடைய வாப்பா மஹ்ரூப் ஹாஜியாருக்குச் சொந்தமாக மீன்பிடிப் படகுகள் இருந்தன.

"மகனுக்குக் கடல் பழக்கம் ஈக்கா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இல்ல மாமா. நீந்தவும் தெரியாது."

வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தனர். தேநீர் கொண்டுவந்த பஸ்னாவும் புன்னகைத்தாள். அவளுடைய புன்னகையில் ஷாமில் அங்கேயே மயங்கினான். மற்றவர்களுடையது ஏளனமென்று எண்ணிக் கடுகண்ணாவை வரும்வரை புழுங்கினான்.

அவர்களுடைய பதில் வருமுன்னரே திருகோணமலைக்குப் போய், பாய்ப்படகு ஓட்டக் கற்பிக்கும் பள்ளியொன்றில் சேர்ந்துவிட்டான். அங்கே படிப்பு தரந்தரமாக ஏறியது. கடலில் விழுந்தவரை மீட்பது முதலாந்தரப் பாடம். விழுந்தவருக்குப் பதிலாக ஒரு தேங்காயை எறிந்தார்கள். அதைத் தூக்கப் போய் ஷாமிலும் விழுந்தான். இருவரையும் சேர்த்தே மீட்டார்கள். மறுமுறை தேங்காய் பிழைத்தது, சான்றிதழ் கிடைத்தது. அதை உம்மா படம்பிடித்துப் பேருவளைக்கு அனுப்பினார்.

"யோசிச்சுப் பதில் செல்றாங்களாம், மகன்."

"முதலாந்தரம் காணாது உம்மா. அவங்க கடல்லயே பொறந்து வளந்த ஆக்கள்."

நங்கூரமிட்டுப் படகிலேயே தங்குவது இரண்டாந்தரம். உண்டதெல்லாம் மீன்களுக்குப் போயிற்று. சான்றிதழ் பேருவளைக்குப் போயிற்று.

"இன்னம் கொஞ்சம் யோசிக்கணுமாம். பேச்சே மாறீக்கி," என்றார் உம்மா.

தானே தலைவனாயிருந்து, கரையோரமாக ஊர்விட்டு ஊர் படகைக் கொண்டுபோவது மூன்றாந்தரம். அதையும் முடித்து ஊர் திரும்பி, கெப்டன் தொப்பியோடு எடுத்த படத்தை அனுப்பினான். அன்று மாலையே உம்மா கடைக்கு வந்து கதிரையில் தொப்பென்று அமர்ந்தார்.

"கண்டிப் பக்கம் கலகெதரயால ஒரு மாப்பிள்ள வந்தீக்கி பஸ்னாக்கு."

"அவரு எத்தினாந்தரம்?"

"அவரு மருந்து விக்கிற பாமசி வச்சீக்கி."

"நீந்தவாவது தெரியுமா?"

"கெணத்தக்கூட எட்டிப் பாக்க மாட்டாராம். அவங்களுக்கு நல்ல விருப்பமாம்."

ஷாமிலுக்குப் பொறுக்கவில்லை. உம்மாவையும் சான்றிதழ்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு பேருவளைக்கு இறங்கினான்.

"மாமா, நாலாந்தரமும் செய்யப் போறன். அத முடிச்சா, கரையே தெரியாத தூரத்தில, ராவையிலயும் ஓட்டலாம். கெழமைக் கணக்கா வீட்டுக்கு வராம ஈக்கலாம்."

ஹாஜியார் தரையைப் பார்த்தார். அதுவரை வாய் திறவாதிருந்த பஸ்னாவின் உம்மா, திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"கலியாணம் முடிச்ச நாள்லேருந்து, இவரு கரைக்கு வாற வரைக்கும் நான் ஜன்னல்லதான் மகன் நிண்ட. எங்கட புள்ளக்கும் அது வாணாம் எண்டுதான் கடலே இல்லாத ஊர்ல மாப்பிள்ள தேடின."

இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டது இது: பாமசிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டுச் சொல்லியனுப்புவது, நவம்பரில் நிக்காஹ் வைப்பது, நாலாந்தரத்தைக் கைவிடுவது. கண்டி வாவியோரம் நின்று கலியாணப் படம் எடுக்கலாம், படகில் ஏறலாகாது. இக்கடைசி நிபந்தனை பஸ்னாவுடையது.