மூச்சு வாங்காத பேய்

குற்றாலத்தில் மைக்கக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, வாழ்க்கையில் குளிக்காதவர்கள். இரண்டு, இன்னும் பிறக்காதவர்கள். மற்ற எல்லோரையும் அவர் ஒரு தடவையாவது ஒலிபெருக்கியில் நார்நாராகக் கிழித்திருக்கிறார்.

மெயின் அருவிக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு அறை. உள்ளே ஒரு மைக், ஒரு ஸ்டூல், நாற்பத்தெட்டு வயது அக்கா. மைக் செட் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அவருக்கு வேலை. "வரிசையில் செல்லவும், நகைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்" என்று எழுதிக் கொடுத்த தாளை அவர் ஒருநாளும் படித்ததில்லை.

"ஏ, நீல டவுசர் அண்ணாச்சி! தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு நில்லுங்க. பின்னால மூணு பேரு நனையாம நிக்காவ."

நீல டவுசர் போட்ட நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். கடையத்திலிருந்து ஒருவர், குளிக்கக்கூட இல்லாமல், இந்தத் திட்டைக் கேட்பதற்காகவே வாரம் தவறாமல் வந்து போவார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

எனக்கு அவரைத் தெரிந்தது விடுதியில். தென்காசியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, வேலைக்குப் போகும் பெண்கள் பதினோரு பேர் தங்கியிருந்த மாடி அது. அக்காவுக்கு அறைக்குள்ளும் மைக் பிடித்த மாதிரிதான் பேச வரும். ஒருநாள் காலையில் தாழ்வாரத்தில் நின்று அறிவித்தார்: "சீயக்காய் டப்பா ஒன்று காணாமல் போய்விட்டது. பச்சை மூடி, ஒல்லியான உடம்பு, லேசாக வாய் உடைந்திருக்கும். வைத்திருப்பவர்கள் ஒப்படைக்காவிட்டால் பெயரைச் சொல்ல நேரிடும்." இரண்டு நிமிடத்தில் டப்பா வந்தது. எடுத்தது நான்தான்.

அவரைச் சினிமா பிடித்துக்கொண்ட கதை இப்படி. கையில் காசில்லாத ஒரு கூட்டம், அருவிக்குப் பக்கத்தில் பழைய பங்களா ஒன்றில் பேய்ப் படம் எடுக்க வந்திறங்கியது. காமெடிப் பேய்ப் படம். படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மூன்றாம் பாகத்துக்கு விளம்பரமாகிவிடும். அவர்களிடம் விக் இருந்தது, பவுடர் இருந்தது, பேயாக நிற்க உதவி கேமராமேன் இருந்தார். ஆனால் எந்தக் காட்சி எடுத்தாலும் அதில் அக்காவின் குரல் வந்து விழுந்தது. கதாநாயகி கண்ணீர் விடும்போது, "அந்தக் கம்பிய விட்டு எறங்குலே" என்று கேட்டால் எப்படி?

இயக்குநர் கோபமாக மைக் அறைக்கு வந்தார். "அம்மா, ஒரு மணி நேரம் மைக்கை நிறுத்துங்க."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மைக்கைப் பார்த்தே பதில் சொன்னார். குற்றாலமே கேட்டது. "செவப்புத் தொப்பி போட்ட தம்பி கவனத்துக்கு. நான் நிறுத்துனா இங்கன பிள்ளைங்க தொலைஞ்சு போவும். ஒம்ம படம் தொலைஞ்சா யாரும் தேட மாட்டாவ. போயிட்டு வாரும்."

சிவப்புத் தொப்பி வாயைத் திறந்தபடி நின்றாராம். பேய்க்குக் குரல் கிடைத்துவிட்டது.

லாட்ஜ் அறையில் மெத்தைகளை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தார்கள். தாளில் எழுதியிருந்த வசனம், 'உன் ரத்தத்தைக் குடிப்பேன்.' அக்கா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எந்தப் பொம்பளைப் பேயி இப்படிச் சொல்லும்? அது அந்த வீட்டுல தனியாக் கெடக்கு. அதுக்கு வேற கவல இருக்கும்." என்ன கவலை என்று கேட்டதற்கு, அவரே பேசிக் காட்டினார்.

அடுத்த வருடம் படம் வந்தது. நள்ளிரவில் பங்களாவுக்குள் நுழையும் கதாநாயகன் காதருகே ஒரு குரல்: "ஏலே, செருப்ப வெளியே கழத்திப் போட்டுட்டு வா. இப்பந்தான் கூட்டி வச்சிருக்கேன்." தியேட்டர் குலுங்கியது. பயந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி பயந்தார்கள். அந்தப் பேய்க்கு ரத்தம் வேண்டாம். தரை சுத்தமாக இருந்தால் போதும். படம் ஓடியதற்குக் காரணம் அதுதான். கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ஜெனரேட்டர்காரருக்கும் டீ சப்ளை செய்தவருக்கும் நடுவில் ஒரு வரி வந்தது: 'நன்றி: குற்றாலம் மைக்.'

"மைக்குக்கா நன்றி?" என்று நான் கொதித்தேன்.

"விடுட்டி. மைக்கும் பாவம், இத்தன வருசமா நன்றி கேக்காமத்தான உழைக்குது" என்றார் அக்கா.

அதன் பிறகு அவர் காமெடிப் பேய்ப் படங்களின் நீதிபதி ஆகிவிட்டார். குறிப்பாக இரண்டாம் பாகங்களுக்கு. எது வந்தாலும் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு வாசிப்பார்.

"முதப் பாகத்துல பேய்க்கு ஒரு காரணம் இருக்கும். ரெண்டாம் பாகத்துல தயாரிப்பாளருக்குத்தான் காரணம் இருக்கும்."

"முதல்ல கையில காசிருக்காது. அதனால மூளையச் செலவழிப்பான். பொறவு காசு வந்துரும். மூளை மிச்சம்."

"ஒரே பேயிக்கு எத்தன தடவ பயப்படுதது? நம்ம வார்டனப் பாத்து இப்ப யாராச்சும் பயப்படுதோமா?"

வார்டன் அதே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படி எல்லா இரண்டாம் பாகங்களையும் தூக்கிலிட்டவர், தன் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று தெரிந்ததும் கட்சி மாறினார். படக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்து, "அக்கா, ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சாச்சு. கூப்பிடுவோம்" என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அக்கா குளிர்ந்த தண்ணீரை நிறுத்தினார். தயிரை நிறுத்தினார். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் தொண்டையை அலசும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. சாரல் கொட்டிய சீசனில், அருவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்த ஒரே மனுஷி அவர்தான். ஒரு நோட்டில் பேய்க்கு வசனம் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இந்தத் தடவ அது வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லுது. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"கூப்பிடட்டும். சொல்லுதேன்."

கூப்பிடவில்லை. ஒருநாள் காலையில் தென்காசி பஸ் நிலையத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது.

அக்கா மப்ளரை அவிழ்த்து மடித்து வைத்தார். "மெட்ராஸ்காரி எவளையாவது பிடிச்சுப் பேச வச்சிருப்பான். அவளுக்கு 'லே' போடத் தெரியுமா? வாங்கட்டி எல்லாரும், போய்ச் சிரிச்சிட்டு வருவோம்." ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வார்டன் உட்பட பன்னிரண்டு பேர் வரிசையாகப் போய் உட்கார்ந்தோம். நான் அக்காவுக்குப் பக்கத்து இருக்கை.

படத்தில் எல்லாம் பெரிதாகியிருந்தது. பங்களா பெரிது, பேயின் முடி நீளம், மூன்று பாட்டு. முதல் அரை மணி நேரம் அக்கா கேலி செய்துகொண்டே இருந்தார். பிறகு பேய் வாயைத் திறந்தது.

அக்காவின் குரல்.

எங்கள் வரிசை முழுவதும் எழுந்து கை தட்டியது. வார்டன் விசிலடித்தார், சத்தியமாக. நான் அக்காவின் தோளை உலுக்கினேன். "எப்பக்கா போய்ப் பேசிட்டு வந்திய? ஒரு வார்த்த சொல்லலயே! முதப் பாகத்த விட இதுல இன்னும் ஜோராப் பேசியிருக்கிய!"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசலட்டி."

"சும்மா நடிக்காதிய."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கவனிச்சுக் கேளு. இவ்வளவு நேரமாப் பேசுது. எங்கயாச்சும் மூச்சு வாங்குதா?"

கேட்டேன். வாங்கவில்லை. அருவிச் சத்தத்தை மீறி இருபது வருடம் கத்திய தொண்டையில், ஒரு வாக்கியத்தின் நடுவே வரும் அந்தச் சின்ன இரைப்பு அதில் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. 'ஏலே' இருந்தது. இழுவை இருந்தது. ஆனால் அது பேசியது தரையைப் பற்றி அல்ல. கதாநாயகனைப் படுக்கைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அர்த்தம், இரண்டும் கேவலம். தியேட்டர் சிரித்தது. முதல் பாகத்தைவிட அதிகமாகவே சிரித்தது. நடுவில் எழுந்து போய்விடலாம் என்றேன். அக்கா அசையவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை மைக்குக்கும் நன்றி இல்லை.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு இயக்குநரைப் பிடித்தார்.

"அக்கா, அது நீங்க இல்ல. கம்ப்யூட்டர். முதல் பாகத்துல நீங்க பேசினதை அதுக்குக் கொடுத்தோம். அதுவே கத்துக்கிச்சு."

"நான் செத்தா போயிட்டேன் தம்பி? கூப்பிட்டா வந்து பேச மாட்டனா?"

"கோவிச்சுக்காதீங்க. உங்களைக் கூப்பிட்டா நீங்க வசனத்தை மாத்துவீங்க. அது மாத்தாது."

எங்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். உண்மை சில நேரம் அப்படித்தான் வந்து விழுகிறது. அக்கா போனை வைத்துவிட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு. சீசனின் உச்சம். அருவிக்கரையில் கால் வைக்க இடமில்லை. நானும் போயிருந்தேன். பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"குற்றாலம் வந்திருக்கும் பொதுமக்கள் கவனத்திற்கு. குரல் ஒன்று காணாமல் போய்விட்டது. வயது நாற்பத்தெட்டு. ஊர் தென்காசி. கொஞ்சம் கரகரன்னு இருக்கும், மூச்சு வாங்கும். கடைசியா இங்கன பக்கத்து லாட்ஜுலதான் பாத்தது. இப்ப தியேட்டர்ல நாலு காட்சியும் அசிங்கமாப் பேசிக்கிட்டுத் திரியுது. அது என்னோட குரலு. ஆனா பேசுதது நான் இல்ல. நான் அப்படிப் பேசமாட்டேன். ஒங்க எல்லாருக்கும் தெரியும், நான் திட்டுவேன், அசிங்கமாப் பேசமாட்டேன். கண்டுபிடிச்சவங்க தயவுசெஞ்சு மைக் ரூம்ல கொண்டாந்து ஒப்படைங்க."

கூட்டம் மொத்தமும் கை தட்டிச் சிரித்தது. "ஏலே, படத்துக்கு எப்படி விளம்பரம் பண்ணுதான் பாருல!" என்றார் என் பக்கத்தில் ஈரத் துண்டோடு நின்றவர். ஐம்பது போன்கள் மேலே உயர்ந்தன.

மறுநாள் அந்த வீடியோவைப் படக் கம்பெனியே இசை சேர்த்து வெளியிட்டது. தென்காசியை விட்டுக் கிளம்ப இருந்த படம் மறுபடி நிறைந்து ஓடியது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முதல் பாகத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. மைக் செட் ஒப்பந்தக்காரர் போனில் கேட்டார், "என் மைக்க சினிமாக்காரனுக்கு வாடகைக்கு விட்டியளோ?" அக்கா விளக்கினார். அவர் நம்பவில்லை. அந்த வாரமே மைக் அறைக்கு அக்காவுக்குப் பதிலாக ஒரு பென் டிரைவ் வந்தது. அதில் ஒரு பெண், தேன் குரலில், "குழந்தைகளைத் தவறவிட்டவர்கள் அறிவிப்பு அறையை அணுகவும்" என்று அரை மணிக்கு ஒரு தடவை சொல்கிறாள். எந்தக் குழந்தை, என்ன சட்டை, யாரைச் சொல்லி அழுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

அக்கா விடுதியைக் காலி செய்த அன்று, பெட்டிக்குப் பூட்டுப் போட்டபடி என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. அது என்னய விட நல்லாத்தான் பேசுச்சோ?"

"இல்லக்கா."

"அன்னைக்குத் தியேட்டர்ல வேற மாதிரில்லா சொன்ன."

"அது நீங்கன்னு நெனச்சுச் சொன்னேன்."

"அதத்தான் கேக்கேன்" என்றார். பூட்டை இழுத்துப் பார்த்தார். "சரி, போ. பொய் சொல்லும்போது ஒன் குரலு மெலியுது."

அன்று தியேட்டரில் முதலில் ஏமாந்தவள் நான்தான். அதுவும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலு வருடம் அவர் குரலைக் கேட்டுத் தூங்கியவள்.

இப்போது அக்கா அச்சன்புதூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். இட்லிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களைத் திட்டுகிறார், கடை நன்றாக நடக்கிறது. ஆனால் போனில் பேசுவதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில்லை. "கம்பிக்குள்ள ஒரு தடவ குரலக் குடுத்தது போதும்" என்கிறார். கூப்பிட்டால் எடுப்பார். நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பதிலுக்கு விரலால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நல்லா இருக்கேன். இரண்டு தட்டு என்றால் வா.

நான் மதுரைக்கு மாறி வந்துவிட்டேன். நேற்றுக் கூப்பிட்டபோது இரண்டு தட்டு கேட்டது. சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். இன்னும் இரண்டு தட்டினார். விடியற்காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இருக்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.