பழைய வேட்டிக்கு அப்ரூவல் குடுத்த கதை

அன்னிக்கு எனக்கிருந்த வேலை ஒரு லிஸ்ட் டைப் அடிக்கறது. அவ்ளோதான்.

எனக்கு அப்போ ஏழாவது மாசம். ரெண்டாவது கொழந்தை. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தேன். பெரிய உத்தியோகம்னு நெனச்சிடாதீங்க. வெளிநாட்டுலருந்து ஷூ வாங்கற பையருக்கு ஒரு ஜோடி சாம்பிள் காட்டணும். புடிச்சிருந்தா அதுல ஒரு அட்டையைக் கட்டி கையெழுத்து வாங்கணும். அந்தக் கையெழுத்து விழுந்துச்சுன்னா அதே மாதிரி லாரி லாரியா மொத்த சரக்கும், அதான் பல்க், ஓட ஆரம்பிச்சிடும். இதை நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க.

நான் வெச்சிக்கல.

வீடு ஒரே ரூம், ஒரு சமையல்கட்டு. பீபிம்மான்னு ஒரு அம்மாவோட வீட்ல மாடி போர்ஷன். மூத்தவன் சாமு பொறந்தப்போ வந்த கிஃப்ட்டெல்லாம் இன்னும் அந்த ரூம்லதான் குடித்தனம் பண்ணுது. வாக்கரே நாலு. அமுக்கினா கத்துற பிளாஸ்டிக் வாத்து ஒரு கூட்டம். இருட்டுல ஒண்ணை மிதிச்சா தெருவே எழுந்துக்கும்.

அரக்கோணத்துலருந்து அம்மா போன்ல கறாரா சொல்லிட்டாங்க. "நான் கால் நீட்டி படுக்க ஒரு எடம் பண்ணி வெய்யி, பிரசவத்துக்கு நான் அங்க வர்றேன். எடம் இல்லன்னா நீ இங்க வந்துடு."

அங்க அண்ணி இருக்காங்க. தங்கமானவங்க. ஆனா சாமு பொறந்தப்போ பத்தியம்னு சொல்லி மூணு வேளையும் பூண்டு குழம்பு போட்டாங்க. மூணு மாசம்! என் பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் பஸ்ல எடம் மாறி உக்காந்தாங்க. என் உசுரே போனாலும் இன்னொரு தடவை அங்க போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆக, ரூம் காலியாகணும். புதுசா குப்பை சேரக்கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டு பையரம்மா ஃபேக்டரிக்கு வந்தாங்க. என் வயித்தைப் பார்த்துட்டு, "எங்க ஊர்ல கொழந்தைக்கு இன்னின்ன வேணும்னு நாங்களே ஒரு லிஸ்ட் எழுதி கடையில குடுத்துடுவோம். சொந்தக்காரங்க அதைப் பார்த்து வாங்குவாங்க. ஒண்ணும் வீணா போகாது"ன்னாங்க.

எனக்கு மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சிது!

வீட்ல வந்து டேனியல் கிட்ட சொன்னேன். டேனியல் என் வீட்டுக்காரர், ஸ்கூல்ல கணக்கு வாத்தியார்.

"கிஃப்ட்டுக்கு இண்டெண்ட் போட்ற மொத ஆளு நீதான் எஸ்தர்."

"பிளாஸ்டிக்கே வேணாம்ங்க. எல்லாம் பூமிக்கு பாரமில்லாத சாமான்."

"மொதல்ல நம்ம ரூமுக்கு பாரமில்லாம இருக்கட்டும்."

லிஸ்ட்டை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்சேன். மர நடைவண்டி ஒண்ணு. மூங்கில் கூடை ஒண்ணு. கொசுவலை ஒண்ணு. பாலாடை ஒண்ணு. கடைசியா, கோவணத்துக்கும் ஏணை கட்டி தூங்க வைக்கவும் நல்லா தொவைச்ச, மெத்துனு இருக்கற பழைய காட்டன் வேட்டி. அதுக்கு மட்டும் எண்ணிக்கை போட மறந்துட்டேன். கேன்டீன்ல சாப்பாட்டு மெனு பக்கத்துல ஒட்டிட்டு, உலகத்தையே காப்பாத்தின மாதிரி ரெண்டு வடை சாப்பிட்டேன்.

மத்தியானமே ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் காமாட்சி அக்கா வந்துட்டாங்க.

"இன்னாம்மா இது, நடைவண்டி, கூடைன்னு எழுதி வெச்சிருக்கே? கொழந்தை பொறக்கறதுக்கு முன்ன புதுசு எதுவும் வாங்கக்கூடாதும்மா. ஆவாது."

"நாங்க அதெல்லாம் பார்க்க மாட்டோம்க்கா."

"நீ பார்க்கலன்னா? வாங்கிக் குடுக்கறது நாங்கதானே? நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா என் மனசு கேக்குமா?"

"சரிக்கா, பொறந்த அப்புறம் குடுங்க."

"அப்போ நீ லீவுல பூடுவியே! உன் கையில குடுத்தாதானே எங்களுக்கு சந்தோஷம்? கடைசில ஒண்ணு எழுதியிருக்க பாரு, பழைய வேட்டி. பழசுக்கு எந்த தோஷமும் இல்ல. அதை நான் பார்த்துக்கறேன்."

அவங்க மட்டும் பார்த்துக்கிட்டிருந்தா பரவால்ல. மொத்த ஃபேக்டரியும் அதே லைனைத்தான் பார்த்துச்சு.

மறுநாள் காலையில அக்கா என் டேபிள் மேல ஒரு வேட்டித்துண்டை மடிச்சி வெச்சாங்க.

"இன்னாக்கா இது?"

"சாம்பிள். மெத்துனு இருக்கா பாரு. ஓகேன்னா சொல்லு."

கன்னத்துல வெச்சிப் பார்த்தேன். அடடா! அப்டி ஒரு மிருது. சிரிச்சிக்கிட்டே டிராயர்லருந்து ஒரு அட்டையை எடுத்து, அதுல கட்டி, 'அப்ரூவ்ட்'னு எழுதி கையெழுத்து போட்டேன். சத்தியமா ஜோக்குக்குத்தான்!

பதினோரு மணிக்கு கட்டிங்லருந்து ஒரு சாம்பிள் வந்துச்சு. அப்புறம் ஸ்டிச்சிங்லருந்து. அப்புறம் பேக்கிங். எல்லாத்துக்கும் அட்டை கட்டினேன். கை சும்மா இருக்குமா? பேக்கிங் ஆளுங்க கிட்ட, "இதுல கஞ்சி ஜாஸ்தி. கரெக்‌ஷன் பண்ணி மறுபடி காட்டுங்க"ன்னு திருப்பி வேற அனுப்பினேன். பாவம், அவங்க அலசிக் காயவெச்சி சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. அதுக்கும் கையெழுத்து!

சனிக்கிழமை வீட்டு வாசல்ல ஒரு டெம்போ வந்து நின்னுது.

"லோடு எங்கம்மா எறக்கறது?"ன்னு டிரைவர் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். மூட்டை. மூட்டை மேல மூட்டை. முன் சீட்லருந்து காமாட்சி அக்கா பெருமையா எறங்கினாங்க.

"அக்கா! ஏதுக்கா இவ்ளோ?"

"நீதானே அப்ரூவல் குடுத்த? பல்க்! வாணியம்பாடி வரைக்கும் சொந்தக்காரங்க வீட்லல்லாம் கேட்டு வாங்கினோம். சாம்பிள் எப்டியோ அப்டியே இருக்கும். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆவாது, பிரிச்சிப் பாரு."

என்னான்னு சொல்றது? அப்ரூவல் குடுத்த சரக்கை வேணாம்னு சொல்ற பையரை நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன்! எறக்க சொன்னேன்.

ரூம் ரொம்பிச்சு. வாத்துங்க எல்லாம் அடியில மாட்டிக்கிச்சு. மிச்ச மூட்டை படிக்கட்டுக்கு வந்துச்சு.

பீபிம்மா கீழருந்து கத்தினாங்க. "இன்னா எஸ்தர், பழைய துணி ஏவாரம் ஆரம்பிச்சிட்டியா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? படியேற முடில, பேஜாரா பூடுச்சி!"

இதோட முடிஞ்சிதா? மறுநாள் ஞாயித்துக்கிழமை. எங்க பேக்கிங் ஆளுங்கள்ல பாதிப் பேரு எங்க சர்ச்தான். சேதி போதகர் காதுக்கு போயிருக்கு, போற வழியில கொஞ்சம் வளர்ந்தும் இருக்கு. ஆராதனை நடுவுல கண்ணை மூடி ஜெபம் பண்றார்.

"பிறக்கப்போகும் குழந்தைக்குக் கந்தைத் துணிக்கும் வழியின்றித் தவிக்கிற எங்கள் சகோதரன் டேனியல் குடும்பத்தை நினைத்தருளும் ஆண்டவரே!"

மொத்த சபையும் "ஆமென்"னுச்சு. டேனியலைப் பார்த்தேன். பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தார்.

வெளிய வந்தா அவரோட ஸ்டூடண்ட் ஒருத்தன் ஓடி வந்தான். "சார், எங்கப்பா பேண்ட் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு கரெக்டா இருக்கும் சார்."

மனுஷன் எனக்காகக் கூட நிக்காம வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

திங்கக்கிழமை நான் வேலைக்குப் போய்ட்டு வந்தா டேனியல் வாசல்ல சிரிச்ச மொகமா நிக்கறார்.

"எஸ்தர், பிரச்சனையைத் தீர்த்துட்டேன். தெருவுல பழைய துணிக்காரர் வந்தார். படிக்கட்டு மூட்டை மொத்தத்தையும் தள்ளி விட்டுட்டேன்!"

"அய்யோ, நல்ல காரியம் பண்ணீங்க! பதிலுக்கு இன்னா குடுத்தார்?"

நகர்ந்து நின்னு காட்டினார். பிளாஸ்டிக் டப்பு. பிளாஸ்டிக் பக்கெட். கூட ஒரு வாக்கர்!

நான் கத்தின கத்துல பீபிம்மா மேல ஏறி வந்துட்டாங்க. படிதான் காலியாச்சே.

அந்த சண்டை முடியறதுக்குள்ள வாசல்ல ஆட்டோ சத்தம். அம்மா! எப்பவும் வலிக்கற இடுப்புல ஒரு கை, இன்னொரு கையில அரிசி மூட்டை. சர்ச்ல பண்ண ஜெபம் ஆள் மாத்தி ஆள் அரக்கோணம் வரைக்கும் போயிருக்கு.

"ஏண்டி, கொழந்தைக்கு துணிக்குக் கூட வழியில்லாம சபையில கேட்டு வாங்கறீங்களாமே? ஒரு போன் பண்ணக்கூடாதா?"ன்னு அழுதுக்கிட்டே மேல ஏறினாங்க. ரூமைப் பார்த்ததும் அழுகை நின்னுடுச்சி.

"கால் வைக்கவே எடமில்ல. நான் எங்கடி படுக்கறது? கெளம்பு. பொட்டியைக் கட்டு."

"அம்மா, ஒரு வாரம் டைம் குடும்மா, காலி பண்ணிட்றேன்."

"பேசாத. இப்பவே கெளம்பற."

எனக்கு நெஜமாவே அழுகை வந்துடுச்சி. மூக்குல பூண்டு வாசனை அடிக்க ஆரம்பிச்சிடுச்சி. ரயில்ல நின்னுக்கிட்டே வந்த அலுப்புல அம்மா ஒரு மூட்டை மேல சாஞ்சி உக்காந்தாங்க. நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டே பொட்டியைத் தேடினேன். அது எந்த மூட்டைக்கு அடியில இருக்கோ! இழுத்து, தள்ளி, வேர்த்து விறுவிறுத்து பொட்டியை வெளிய எடுத்துத் திரும்பினா, ஒரே கொறட்டை!

நாலு மூட்டை மேல கால் நீட்டி படுத்திருக்காங்க. அப்டி ஒரு தூக்கம். எழுப்ப எனக்கென்ன பைத்தியமா?

ராத்திரி சாப்பாட்டு நேரத்துலதான் கண்ணைத் திறந்தாங்க. எழுந்து இடுப்பை இப்டி அப்டி திருப்பிப் பார்த்தாங்க.

"எஸ்தர், வருஷக்கணக்கா இருந்த வலிடி! எங்க போச்சுன்னே தெரில. மெத்தைக் கடைக்காரன் கூட இப்டி தரமாட்டான். யாரு குடுத்தது இதெல்லாம்?"

"ஃபேக்டரிலம்மா."

"நல்லா இருக்கட்டும் அவங்க. பொட்டியை உள்ள வெய்யி. நான் இங்கயே இருக்கேன்."

அப்டியே அம்மாவைக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன். ஜெயிச்சிட்டேன்! பூண்டு குழம்பு இல்ல, அரக்கோணம் இல்ல. பாப்பா ஆம்பூர்லயே பொறந்தா. அம்மா மூணு மாசத்துல ஊருக்குப் போய்ட்றேன்னாங்க.

பாப்பா இப்போ பத்தாவது படிக்கறா. அம்மா இன்னும் அந்த மூட்டை மேலருந்து எழுந்துக்கல.