காற்றடிகளின் குதிப்புப் பள்ளி

ஊரில் எங்கே இரண்டு பேர் கூடினாலும் ஒரே பேச்சுதான். வானத்திலிருந்து குதிப்பது. முடிவெட்டும் கடையில் கத்தரி பாதியில் நின்றது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்த ஒருவர் அந்த நிலையிலும் அதைப் பற்றியே பேச முயன்றார். எல்லாவற்றுக்கும் காரணம் புறவழிச்சாலை ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த பாராசூட் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வாசலில் பெரிய பலகை ஒன்று: 'இதுவரை ஒரு விபத்துகூட இல்லை. வானம் ஏற்றவரை மண் தீண்டாது.'

மண் தீண்டாது என்றால் குதித்தவர் எங்கேதான் இறங்குவார் என்று யாரும் கேட்கவில்லை. காதுக்கு இனிமையாக இருந்துவிட்டால் நம் ஆட்கள் அர்த்தம் கேட்கிற வழக்கம் இல்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரும் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தார். ஊருக்கெல்லாம் பார்வை தெளிய வைத்து வயிறு வளர்த்த மனிதர். வயிறும் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வளர்ந்திருந்தது. மொட்டை மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளித்தான் நிற்பார். அந்தப் பயத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று உள்ளேயே பூட்டி வைத்திருந்தார். தலை பாதி நரைத்த பிறகு ஒருநாள் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். சிரிக்கவில்லை.

"குதிக்கணும்னா குதிங்க. இடத்தை மட்டும் நல்லா விசாரிச்சிட்டுச் சேருங்க."

முதலில் அவர் போனது ஊரில் பல வருடமாக இருந்த பழைய பாராசூட் பள்ளிக்கு. வெயிலில் கருத்த, சிரிக்கத் தெரியாத பயிற்சியாளர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எடை மெஷினைக் காட்டினார்.

"கொஞ்சம் எடை குறைக்கணும் சார். டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வரணும். தரையிலயே முழுப் பயிற்சி, அப்புறம் ஒரு பரீட்சை. அதுல தேறினாத்தான் மேல."

"கட்டணம்?"

பயிற்சியாளர் சொன்ன தொகையைக் கேட்டு நம்மவருக்குத் தரையிலேயே தலை சுற்றியது.

"விமானம், காப்பீடு, ரெண்டாவது பாராசூட், எல்லாம் அதுல அடக்கம். மேகம் போட்டா அன்னிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டோம். வேற நாள் வரலாம், அதுக்குத் தனியா காசு இல்ல."

"ரெண்டாவது பாராசூட் எதுக்கு சார்?"

"முதல் பாராசூட் திறக்கலைன்னா வேணுமே."

உண்மையைச் சொல்லி வியாபாரம் செய்கிறவனுக்கு வாடிக்கையாளர் எப்படிக் கிடைப்பார்? நம்மவர் நன்றி சொல்லிவிட்டு நேராகப் புறவழிச்சாலைக்கு வண்டியைத் திருப்பினார்.

அங்கே கட்டணம் பாதிதான். எடை பார்க்கவில்லை, பரீட்சை இல்லை. வரவேற்பறைப் பெண் தேனாகப் பேசினாள்.

"பறவை எந்த கிளாஸுக்கு சார் போச்சு? வானம் உங்களை ஏத்துக்கிச்சுன்னா போதும். அதை அடிகளே பாத்துச் சொல்லிடுவார்."

வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணக்குப் போட்டார்கள். கணக்குப் போட்டது அவர். கேள்வி கேட்டது மனைவி.

"அங்க ரெண்டாவது பாராசூட் உண்டா?"

"வானமே தாங்கிக்கும்னு சொல்றாங்க."

"தாங்கலைன்னா யாரைப் போய்க் கேக்கறது?"

"உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது," என்று கோபித்துக்கொண்டு எழுந்தவர், மறுநாளே போய்ப் பணத்தைக் கட்டினார்.

அடிகள் என்றால் காற்றடிகள், அந்தப் பள்ளியை நடத்துகிறவர். வெள்ளை அங்கி, நெற்றிக்கு மேலே விமானி போடுகிற கண்ணாடி. அந்தக் கண்ணாடி பொம்மைக் கடைச் சரக்கு என்பது தொழில் தெரிந்த நம்மவருக்குப் பார்த்ததும் புரிந்தது. புரிந்ததை விழுங்கிவிட்டுக் கையை நீட்டினார். அடிகள் நூலில் கட்டிய பித்தளைக் குண்டு ஒன்றை உள்ளங்கைக்கு மேலே தொங்கவிட்டார். வட்டமாகச் சுற்றினால் வானம் ஏற்றுக்கொண்டது. முன்னும் பின்னும் ஆடினால் மறுத்துவிட்டது. குண்டு முன்னும் பின்னும் ஆடியது.

"வானம் யோசிக்குது," என்றார் அடிகள். "மந்திரிச்ச கயிறு ஒண்ணு கையில கட்டிக்குங்க. அடுத்த வாரம் பாப்போம்."

கயிற்றுக்குத் தனிக் கட்டணம். அடுத்த வாரமும் வானம் யோசித்தது. கடையில் காற்றோட்டம் கோணலாக இருக்கிறது என்று சொல்லி, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றச் சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு படித்தார்கள். அந்த யோசனைக்கும் தனிக் கட்டணம்.

ஆனால் ஒன்றை மட்டும் சேர்ந்த அன்றே கொடுத்துவிட்டார்கள். போட்டோ. மைதானத்து மூலையில் ஒரு குட்டி விமானம் நின்றது. அதன் வாசலில் உட்கார வைத்து, தலைக்கவசம் மாட்டி, கீழேயிருந்து படம் எடுத்தார்கள். படத்தில் அவரும் விமான வாசலும் நீல வானமும் மட்டும்தான் தெரிந்தன, தரை தெரியவில்லை. சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

"அண்ணே, குதிச்சிட்டீங்களா?" என்று வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அண்ணன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார். வானம் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதை எந்த மனிதன் கடைத்தெருவில் அறிவிப்பான்? அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு இனிப்புக் கடைக்காரர் போய்ச் சேர்ந்தார், பஸ் டிரைவர் ஒருவர் சேர்ந்தார். அவர்களும் போட்டோ மாட்டினார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

ஒருநாள் காலை மனைவி காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பழைய பள்ளியில கேட்டதைத் தாண்டிக் கட்டியாச்சுங்க. இன்னும் ஒரு நாற்காலி மேலேருந்துகூட நீங்க குதிக்கல."

"வானம் ஏத்துக்கணும்ல."

"சரி, வானம் ஏத்துக்கிட்ட ஆளு ஒருத்தரைச் சொல்லுங்க."

"என்ன கேள்வி இது? ஊரே குதிச்சிருக்கு. இனிப்புக் கடைக்காரர் போட்டோகூட மாட்டியிருக்காரே."

"நீங்களும்தான் மாட்டியிருக்கீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாள் பட்ட ஆசை கைநழுவிப் போகிறதே என்று துக்கமாக இருந்தது. குதிக்கவே போவதில்லை என்று ஒப்புக்கொள்வது லேசான காரியமா என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் 'வானத்திறப்பு' என்று பெரிய ஏற்பாடு. யோசித்துக்கொண்டிருக்கும் வானத்தை ஒட்டுமொத்தமாகச் சம்மதிக்க வைக்கப் போகிறார்களாம். கட்டணமும் ஒட்டுமொத்தம்தான். கூடம் நிரம்பி வழிந்தது. வசூல் பெட்டி முதல் வரிசைக்கு வந்தபோது, கணவரோடு வந்திருந்த நீச்சல்காரம்மா எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். நான் நீச்சல் சொல்லிக்குடுக்கறவ. புள்ளையச் சேக்க வர்றவங்க குளத்தை எட்டிப் பாத்து, எத்தனை புள்ளைங்க நீந்துதுன்னு பாத்துட்டுத்தான் பணம் கட்டுவாங்க. இங்கயும் அதையே கேக்கறேன். விமானத்துல ஏறிக் குதிச்சவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க."

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். இனிப்புக் கடைக்காரரின் கை பாதி மேலே போய், மனம் மாறி, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

கண்ணாடிக் கடைக்காரரின் கையும் துடித்தது. இப்போது தூக்கிவிட்டால் மானம் தப்பும். தன் சிரிப்பை நம்பி வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார். மொட்டை மாடி விளிம்பில் நிற்கிற மாதிரியே கால் நடுங்கியது.

"நான் குதிக்கல. போட்டோ கீழ எடுத்தது. கேட்டவங்ககிட்ட எல்லாம் சிரிச்சே சமாளிச்சேன். என்னை நம்பி வந்தவங்க மன்னிச்சுக்கணும்."

"நானும் குதிக்கல," என்றார் பஸ் டிரைவர். "நீங்க குதிச்சதா நினைச்சுத்தான் சேந்தேன்."

"நான் உங்களை நினைச்சு," என்று இன்னொருவர் பஸ் டிரைவரைக் காட்டினார்.

காற்றடிகள் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "அமைதி. வானம் ஏற்றுக்கொண்டவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். அவர்கள் மேலேயே தங்கிவிட்டார்கள்."

"அப்ப அதை விபத்துன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

சிரிப்பு பரவியது. நீச்சல்காரம்மா மேடை ஏறினார்.

"அடிகளே, உங்க கையிலயே அந்தக் குண்டைத் தொங்கவிட்டுப் பாத்துடுங்களேன்."

அடிகள் தன் உள்ளங்கையைப் பார்த்தார். குண்டு வட்டமாகச் சுற்றினால் இவரைத் தூக்கிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். முன்னும் பின்னும் ஆடினால் வானம் இவரையே சேர்க்கவில்லை என்று ஆகிவிடும். இரண்டில் எதையும் செய்யத் துணியாமல் குண்டு அப்படியே தொங்கியது.

"இன்னிக்குக் காத்து இல்ல," என்றார். தலைக்கு மேலே மின்விசிறி படபடத்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் நூலை வாங்கினார். கணவரின் கைக்கு மேலே பிடித்தார். குண்டு அழகாக வட்டமடித்தது. பஸ் டிரைவரின் கைக்கு மேலேயும் வட்டமடித்தது.

"மந்திரம் ஒண்ணும் இல்லீங்க. விரல் நுனி துளி அசைஞ்சா போதும், குண்டு நம்ம இஷ்டத்துக்கு ஆடும். வானம் எல்லாரையும் ஏத்துக்கிச்சு. வாங்க, விமானத்துல ஏறலாம்."

கூட்டம் மைதானத்துக்கு ஓடியது. பஸ் டிரைவர் விமானத்தின் முன்மூடியைத் தூக்கினார். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் காலி பெயின்ட் டப்பாக்களும் ஒரு துடைப்பமும் இருந்தன.

எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் காற்றடிகள் தன் வாழ்நாளின் முதல் குதிப்பை நிகழ்த்தினார். பள்ளியின் பின்சுவரிலிருந்து, வசூல் பெட்டியோடு. கணுக்கால் பிசகி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதுகூட, இன்று காற்று சரியில்லை என்றுதான் முனகிக்கொண்டிருந்தார்.

பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தார், மூச்சு வாங்க நடந்தார், மறுபடி காசு சேர்த்தார். சில மாதம் கழித்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு பழைய பள்ளியின் படியேறினார். சிரிக்கத் தெரியாத அதே பயிற்சியாளர் அதே எடை மெஷினைக் காட்டினார். முள் ஒருவழியாக நியாயமான இடத்தில் நின்றது.

"கட்டறதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணுமா சார்?"

"தப்பா நினைக்கக்கூடாது. நீங்க குதிச்சிருக்கீங்களா? உங்ககிட்ட கத்துக்கிட்டுக் குதிச்ச ஆளுங்களைப் பாக்க முடியுமா?"

பயிற்சியாளர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டினார். மேலே சின்னதாக ஒன்று விரிந்து, மெல்ல ஆடியபடி இறங்கிக்கொண்டிருந்தது. "இவங்க கிட்டத்துலதான் இறங்குவாங்க. போய் நேர்லயே கேளுங்க. நல்லா கேட்டுட்டு வந்து கட்டுங்க."

நம்மவர் மனைவியோடு மைதானத்துக்கு நடந்தார். கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று நடந்தார்.

கேள்வி கேட்பதற்கு எந்தப் பள்ளியிலும் கட்டணம் கிடையாது. கேட்காமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத்தான் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.